ஏழு கோவில், இருபத்தொரு வேண்டுதல்

லைட்டு அணைஞ்சுபோச்சு. டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், படத்துல இருந்த தாடிக்காரரு, அவரு மடியில இருந்த புத்தகம், மேலே றெக்கையோட மிதந்துக்கிட்டிருந்த சம்மனசுக எல்லாம் ஒரேயடியா இருட்டுக்குள்ள போயிட்டு. தொண்ணூறு செகண்டு. முதல் கோவில்ல ரெண்டு நிமிசம் முழுசா எரிஞ்சுது, ரெண்டாவதுல நூத்திப்பத்து, இது மூணாவது, தொண்ணூறுலயே கையை விரிச்சுட்டான். ரோமாபுரியில கோவிலுக்குள்ள இருக்க படத்தைப் பாக்கணும்னா பக்கத்துல இருக்க பெட்டியில காசைப் போடணும், லைட்டு எரியும், டைமர் ஓடும், நேரம் முடிஞ்சதும் அணைஞ்சுரும். தூத்துக்குடி துறைமுகத்துல முப்பத்தாறு வருசம் எலக்ட்ரீசியனா இருந்தவனுக்கு படத்தைவிட பெட்டி மேலதான் கண்ணு போவுது, என்ன செய்ய. உள்ளே பழைய ரிலே சுவிட்சாத்தான் இருக்கணும், இல்லைன்னா இந்தச் சத்தம் வராது. பக்கத்துல நின்ன நாலு வெள்ளைக்காரங்களும் அடுத்தவன் போடட்டும்னு கையைக் கட்டிக்கிட்டு நிக்காங்க. உலகம் பூரா ஒரே ஆளுகதான். எனக்கு இருட்டு பிடிச்சிருக்கு. இருட்டுல ஒண்ணைச் சொல்லுதது சுளுவு. இந்த இருட்டுலயே சொல்லிரலாம்னு வாயைத் தொறக்கேன், அதுக்குள்ள வெள்ளைக்காரன் ஒருத்தனுக்கு ரோசம் வந்து காசைப் போட்டுட்டான். பளிச்சுன்னு தாடிக்காரரு என்னையப் பாக்காரு. சரி, அடுத்த கோவில்ல பாத்துக்கிடலாம்.

“மூணும் கேட்டீங்களாப்பா?” எம் மக கேக்குதா. கேட்டேன்னு சொன்னேன். பொய். முதல்தடவையா ஒரு கோவிலுக்குள்ள காலெடுத்து வைக்கையில மூணு வேண்டுதல் கேட்டா கிடைக்கும்னு எங்க பக்கத்துல ஒரு நம்பிக்கை. மூணுக்கு மேல போகக்கூடாது, வெளியில சொல்லிரக்கூடாது, அடுத்த தடவை வந்தா செல்லாது. எம் பெண்டாட்டி மெற்றில்டா பிள்ளைக்கு அ, ஆவன்னாவுக்கு முந்திச் சொல்லிக் குடுத்தது இதைத்தான். ஊருல ஈஸ்டருக்கு முந்துன பெரிய வியாழக்கிழமை ஏழு கோவில் சந்திப்போம்ல, அதே மாதிரி ஏழு பாப்போம்ப்பா, நானும் இதுவரைக்கும் உள்ளே போகாத கோவிலாப் பாத்து வச்சிருக்கேன், மூவேழு இருபத்தொரு வேண்டுதல், உங்களுக்கு லாபந்தான்னு காலையில எம் மக சிரிச்சா. சிஸ்டர் செலஸ்டினா. வீட்டுல தீனா. இருபத்தெட்டு வயசு ஆவுது, மூணு வருசமா இங்கன ஒரு முதியோர் இல்லத்துல கிழவன் கிழவிகளுக்குக் குளிப்பாட்டிச் சோறூட்டிக்கிட்டு இருக்கா. வர்ற ஞாயித்துக்கிழமை பூசையில நித்திய வார்த்தைப்பாடு குடுக்கப் போறா, மோதிரம் போட்டுருவாங்க, அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் மடந்தான். அதுக்குத்தான் நான் வந்திருக்கேன். இன்னைக்குப் புதன்கிழமை. மத்தியானம் ஒரு மணிக்கு அவ மடத்துக்குத் திரும்பணும், திரும்புனா மௌனத் தியானம், ஞாயித்துக்கிழமை வரைக்கும் அப்பன்கிட்டகூடப் பேச்சு கிடையாது. மணி இப்போ பத்து இருபத்தஞ்சு. ஆக ரெண்டரை மணி நேரம், நாலு கோவில். நான் ஒண்ணைச் சொல்லணும், சொல்லிட்டா என்ன ஆகும்னு தெரியலை, சொல்லலைன்னா என்ன ஆகும்னு நல்லாத் தெரியுது.

வேகமா நடக்கா. எப்பவும் இப்படித்தான், சாம்பல் நிற உடுப்பும் முக்காடுமா முன்னால போறா, கல்லு பாவின ரோடு, என் முட்டி ஒவ்வொரு கல்லையும் தனித்தனியா விசாரிக்குது. ஒரு பழக்கடைக்காரன் அவளைப் பாத்து என்னமோ சொல்லுதான், அவ அவன் பாசையிலயே திருப்பிக் குடுக்கா, ரெண்டு பேரும் சிரிக்காங்க. என்ன சொன்னான்னு கேட்டேன். “உங்கப்பாவான்னு கேட்டான்ப்பா. மூக்கு அப்படியே இருக்காம்.” மூக்கு என் மூக்குதான். அந்த மூக்குல டியூப் போட்டிருந்தாங்க. அவளுக்கு அப்போ ஒண்ணரை வயசு, மூளைக் காய்ச்சல், பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரி, மூணு நாளா கண்ணு தொறக்கலை, வெட்டி வெட்டி இழுக்குது. இனி நம்ம கையில ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்னாரு, நல்ல மனுசன், சொல்லும்போது என் தோளைத் தொட்டாரு. மெற்றில்டா பிள்ளை பக்கத்துல இருந்தா. நான் டீ வாங்கப் போறேன்னு வெளியில வந்தேன். எதிர்த்தாப்புல ஒரு கோவில். அதுவரைக்கும் நான் போகாத கோவில். செருப்பைக் கழட்டிட்டு உள்ளே காலெடுத்து வைக்கையில மெற்றில்டா சொல்லுத மூணு ஞாபகம் வந்துட்டு. ஒண்ணு, பிள்ளை பிழைக்கணும். ரெண்டு, மூளைக்கு ஒரு குறையும் வந்துரக்கூடாது. மூணாவது கேக்கதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. சேசுவே, கேக்கதுக்கு ஒண்ணும் இல்லைன்னா வாயை மூடிக்கிட்டு வந்திருக்கலாம்ல? மூணு கேக்கணும்னு இருக்கே, ரெண்டோட நிறுத்துனா கணக்கு தப்பிப் போயிருமோன்னு, மூணாவதா, பிழைச்சா இவ உனக்குத்தான், நீயே வச்சுக்கோன்னு சொல்லிட்டேன். கேக்க வேண்டிய இடத்துல குடுத்துட்டு வந்த மடையன் உலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். டீயை வாங்கிட்டு வார்டுக்கு வந்தா பிள்ளை கண்ணு முழிச்சு அம்மா சேலையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கா. அந்த டீ சூடா இருந்துச்சு, அது நல்லா ஞாபகம் இருக்கு. யாருகிட்டயும் சொல்லலை. மெற்றில்டாகிட்டகூட.

நாலாவது கோவில்ல ஒரு புனிதர் கண்ணாடிப் பெட்டிக்குள்ள படுத்திருக்காரு. முகத்துக்கு மெழுகு பூசியிருக்கு, கையுறை போட்டிருக்கு, பாதத்துல பட்டுச் செருப்பு. நேத்து ராத்திரிதான் கண்ணசந்தவரு மாதிரி இருக்காரு. பெட்டிக்குள்ள ஒரு டியூப்லைட்டு லேசா வெட்டுது, சோக் போயிரும் போல, யாரும் கவனிக்கலை. தீனா முட்டி போட்டிருக்கா. மூணு வேண்டுதலுக்கு இவ்வளவு நேரம் ஆகாது. என்னத்தைக் கேக்குதாளோ? நான் பெஞ்சுல இருந்துக்கிட்டு அவ முதுகைப் பாக்கேன். காலையில இருந்து ஒரு கோவில்லயும் நான் வாயைத் தொறக்கலை. கடைசியா தொறந்தப்போ ஒரு பிள்ளையைக் குடுத்துட்டேன், இனி என்னத்தைக் கேட்டு என்னத்தைக் குடுக்க? அவ போன அன்னைக்கும் இதே மாதிரிதான், அவ முதுகைத்தான் பாத்தேன். பிளஸ் டூ முடிச்ச பிள்ளை, மடத்துல சேரப் போறேன்னு சொல்லுதா. அவளாத்தான் சொன்னா. நான் ஒரு நாளும் ஒரு வார்த்தை தூண்டலை, ஆனா மடத்துப் பள்ளிக்கூடத்துல சேத்தது யாரு? மடத்து மதர் வீட்டுக்கு வந்தா காப்பி குடுன்னு பிள்ளையை அனுப்புனது யாரு? மெற்றில்டா தரையில விழுந்து அழுதா, நமக்கு ஒத்தைப் பிள்ளை, வேண்டாம்னு சொல்லுங்களேன், நீங்க சொன்னா கேப்பாளேன்னு என் காலைப் பிடிச்சா. மடத்து ஜீப் வாசல்ல நிக்குது. நான் ஸ்டூல் போட்டு ஏறி முன்னறை ஃபேனைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். பிள்ளை பெட்டியும் கையுமா வந்து ஸ்டூலுக்குக் கீழே நிக்கா. “அப்பா, நான் போயிட்டு வாரேன்.” நிக்கா. போகலை, நிக்கா. நான் வாயில ஸ்குருவைக் கவ்விக்கிட்டு, ரெகுலேட்டரை சைபர்ல வைன்னு சொன்னேன். போய் வச்சா. அப்புறம் போயிட்டா. ஸ்டூல் மேல இருந்து பாத்தா வாசல் வரைக்கும் முதுகு தெரிஞ்சுது. இப்போ இந்த முதுகு எழும்புது, சிலுவை போடுது, “வாங்கப்பா, அஞ்சாவது”ங்குது.

அஞ்சாவதுல முகடு பூரா மேகமும் ஆளுகளுமா வரைஞ்சு தள்ளியிருக்கான், கழுத்து வலிக்கக்கூடாதுன்னு கீழே ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்ச்சு வச்சிருக்கான், குனிஞ்சு பாத்தா மோட்சம் தெரியுது, மோட்சத்துக்கு நடுவுல என் சொட்டைத் தலையும் தெரியுது. சிரிப்பு வந்துட்டு. அவளும் எட்டிப் பாத்தா, ரெண்டு மூக்கும் மேகத்துக்குள்ள. இப்போ சொல்லலாம். தீனா, ஒண்ணு சொல்லணும். தொண்டை வரைக்கும் வந்துட்டு, அந்த நேரத்துல பையில போன் அடிக்குது. மெற்றில்டாதான், வேற யாரு. படியில போயி நின்னு பேசினோம். குளியலறையில வழுக்கி இடுப்பெலும்பு முறிஞ்சு கட்டில்ல கிடக்கா, கிடந்தாலும் வாய் மட்டும் கிடக்கலை. “எத்தனை கோவில் ஆச்சு? என் மூணையும் சேத்துக் கேட்டீங்களா?” ஆளுக்கு மூணுதான்டி, ஒருத்தருக்கு ஒருத்தர் மாத்திக்கிட முடியாது, சட்டம் பேசுனது நீதானேன்னேன். “உங்ககிட்ட ஒண்ணைச் சொல்லிவிட்டேன் பாருங்க. சிஸ்டர்கிட்ட குடுங்க.” ஸ்பீக்கரைப் போட்டுக் குடுத்தேன். “தோத்திரம் சிஸ்டர், சாப்பிட்டீங்களா சிஸ்டர்?” “அம்மா, சும்மா தீனான்னு கூப்பிடுங்களேன்.” “அது எப்படி, வார்த்தைப்பாடு குடுத்தவங்களைப் போயி.” முதல் வார்த்தைப்பாடு குடுத்த நாள்ல இருந்து பெத்த பிள்ளையை வாங்க போங்கன்னுதான் பேசுதா. மரியாதைன்னு ஊருல சொல்லுதாங்க. எனக்குத் தெரியும், அது கோவம். தீனாவுக்கும் தெரியும்னு நினைக்கேன், போனை எங்கிட்ட குடுத்துட்டு விறுவிறுன்னு படியிறங்குனா.

ஆறாவது கோவில் அடைச்சுக் கிடக்கு. சாரம் கட்டி வலை போட்டு ஒரு போர்டு தொங்குது, பராமரிப்பு வேலையாம். சரி, அது போட்டும், மூணு வேண்டுதல் நட்டம்னு அவ சொல்லுதா. சிரிக்கலை. மணி பன்னெண்டு அஞ்சு. இங்கன கோவிலெல்லாம் பன்னெண்டரைக்கு அடைச்சுருவாங்க, சாயங்காலந்தான் தொறப்பாங்க. அவ இன்னும் வேகமா நடக்கா. நான் பின்னாடியே. எதுக்குச் சொல்லணும்? சொல்லாம இருந்தா என்ன குறைஞ்சிரும்? பிள்ளை சந்தோசமாத்தானே இருக்கா. இருக்காளா? யாருக்குத் தெரியும்? கேட்டிருக்கேனா? சாமி கூப்பிட்டாருன்னு அவ நினைச்சுக்கிட்டு இருக்கா, ஆனா கூப்பிட்டது சாமி இல்லைன்னா, நான் தள்ளிவிட்டது இன்னும் ஓடிக்கிட்டு இருக்குன்னா, ஞாயித்துக்கிழமை அவ குடுக்கப் போறது அவ வார்த்தையா, என் வார்த்தையா? சொல்லிரணும். சொன்னா? அவ வேண்டாம்னு திரும்பி வந்துட்டா? அங்கனதான் எனக்குப் பயம். பிழைச்சா உனக்குன்னு சொன்னேன். பிழைக்க வச்சுட்டாரு. இப்போ தரமாட்டேன்னா, அவரு குடுத்த உசுரைத் திருப்பி எடுத்துக்கிடுவாரோ? ஆண்டவரு அப்படிப்பட்ட ஆளு இல்லைன்னு சாமியார் பிரசங்கத்துல சொல்லுதாரு, சொல்லுவாரு, அவருக்கென்ன பிள்ளையா குட்டியா. பதினேழு வருசம், அவ மடத்துக்குப் போற அன்னைக்குக் காலை வரைக்கும், எழும்புனதும் எனக்கு முதல் வேலை அவ நெத்தியில கையை வச்சுப் பாக்கதுதான். சுடுதா, சுடலையா. மெற்றில்டா கேலி பண்ணுவா, தெர்மாமீட்டர் வந்துட்டுன்னு. அவ மடத்துக்குப் போனதுக்கு அப்புறந்தான் நான் நிம்மதியாத் தூங்குனேன். இதை யாருகிட்டச் சொல்ல முடியும்? மக மடத்துக்குப் போனா அப்பன் ராத்திரி தூங்க மாட்டான், நான் தூங்குனேன். இனி காய்ச்சல் வராதுன்னு தூங்குனேன். வெக்கமா இருக்கு.

ஏழாவது சின்னக் கோவில், ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒடுங்கிக் கிடக்கு, அவ காட்டலைன்னா கடந்து போயிருப்பேன். உள்ளே ஆளே இல்ல. சாவிக் கொத்தோட ஒரு பெரியவர் பலிபீடத்துல மெழுகுதிரிகளை அணைச்சுக்கிட்டு வாராரு. வலது பக்கம் ஒரு படம், ஒரே கறுப்பு, பக்கத்துல பெட்டி. “கடைசிக் காசுப்பா”ன்னு போட்டா. எரிஞ்சுது. ஒரு மனுசன் கையில கத்தி, கல்லு மேல ஒரு பையனைக் கிடத்தியிருக்கான், மேலே இருந்து ஒரு சம்மனசு அவன் மணிக்கட்டைப் பிடிச்சிருக்கு. ஆபிரகாமும் ஈசாக்கும், ஆண்டவரு கேட்டாருன்னு பெத்த மகனையே பலி குடுக்கப் போன கதை. ஏம் ஆண்டவரே, ஏழு கோவில் சுத்தி இங்கனதான் கொண்டாந்து விடணுமா? அந்த ஆளுகிட்டயாவது நீரு கேட்டீரு. எங்கிட்ட யாரும் கேக்கலை, நானா குடுத்தேன். செகண்டை எண்ணுதேன். அறுபது. அறுபத்தஞ்சு. எழுபதுகூட ஆகலை, டக்.

“தீனா. உன்னைய நான் நேந்துவிட்டுட்டேன்.” இருட்டு. அவ மூச்சு விடுத சத்தம் கேக்கு. “எப்போ?” “ஒண்ணரை வயசுல. ஆஸ்பத்திரிக்கு எதுத்த கோவில்ல. மூணாவதா. பிழைச்சா உனக்குன்னு.” “அம்மாவுக்குத் தெரியுமா?” “தெரியாது.” அவ அழுதா என்ன செய்ய, கோவப்பட்டா என்ன செய்ய, எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். அவ கேட்டது நான் யோசிக்காதது. “அந்த ஃபேன்ல என்னப்பா கோளாறு?” “எந்த ஃபேன்?” “நான் போன அன்னைக்குக் கழட்டிக்கிட்டு இருந்தீங்களே.” “ஒரு கோளாறும் இல்ல மக்கா. நல்லா ஓடிக்கிட்டு இருந்த ஃபேன்.”

அவ சிரிச்சா, இல்ல அழுதா, இருட்டுல ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. “பத்து வருசம்ப்பா. எங்கப்பாவுக்கு என்னையவிட ஃபேன் பெரிசுன்னு பத்து வருசமா நினைச்சுக்கிட்டு இருக்கேன். ஸ்டூலுக்குக் கீழே எதுக்கு நின்னேன்னு நினைக்கீங்க? போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான். சொல்லியிருந்தா பெட்டியைக் கீழே வச்சிருப்பேன். அடைச்சுக் கிடந்தது போக இன்னைக்கு ஆறு கோவில், பதினெட்டு வேண்டுதல், பதினெட்டையும் ஒண்ணுக்குத்தான் கேட்டேன். அப்பா அன்னைக்கு ஏன் ஒண்ணும் சொல்லலைங்கிறதை அப்பா வாயாலயே சொல்லணும்னு.” வெளியில சொன்னா பலிக்காதே மக்கான்னேன், மடத்தனமா. “பலிச்சுட்டுல்லா, அதான் சொல்லுதேன்.” முக்காட்டு நுனியால மூக்கைத் துடைக்கா. சாவிக்காரர் தூரத்துல கொத்தை ஆட்டிக் குலுக்குதாரு, அவ அவர் பாசையில என்னமோ சொல்லுதா, சத்தம் நின்னுபோச்சு. “சாமி கூப்பிட்டாரா, நீங்க அனுப்புனீங்களாங்கிறதை இனி நான் பாத்துக்கிடுதேன். நாலு நாள் மௌனம் இருக்கு, அது அதுக்குத்தானே. ஞாயித்துக்கிழமை நான் என்ன செய்தாலும் அது என் பாடு. நீங்க அன்னைக்குச் சொல்லாததை மட்டும் இப்போ சொல்லிருங்க.”

பலிபீடத்துக்கு முன்னால சிவப்பு விளக்கு ஒண்ணு மட்டும் எரியுது, அதுக்கு டைமர் கிடையாது, அது அணையவே அணையாது, ஆண்டவரு அங்கன இருக்காருன்னு அர்த்தம், கேட்டுக்கிட்டு இருக்காருன்னு அர்த்தம். “சொன்னா உனக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயமா இருக்கு மக்கா.” “எனக்கு இருபத்தெட்டு வயசுப்பா. காய்ச்சல் வந்தா மாத்திரை போட்டுக்கிடுவேன்.” வாயில ஸ்குரு இல்ல. கையில திருப்புளி இல்ல. ஏற ஒரு ஸ்டூல்கூட இல்ல. ஆண்டவரே, இந்தக் கோவில்ல எனக்கு மூணு வேண்டுதலும் அப்படியே இருக்கு, மூணையும் நீரே எடுத்துக்கிடும், ஒண்ணையும் கேக்கலை, இந்த ஒரு வார்த்தையை மட்டும் கேட்டும் கேக்காத மாதிரி விட்டுரும். “போகாத மக்கா”ன்னேன். சத்தம் பெரிசா வந்துட்டு, முகட்டுல போயி இடிச்சுத் திரும்பி வருது. அவ அப்படியே நிக்கா. நான் முக்காட்டை லேசா மேலே தள்ளி நெத்தியில கையை வச்சுப் பாத்தேன். வேர்வைதான். காய்ச்சல் இல்ல.